‘அது வேண்டாம்’ என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? தனியார் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி

மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பரணில் மலைப்பூண்டுக் கட்டுகள் தொங்குகின்றன. நல்ல விலை வந்தால் வடுகபட்டிக்கு ஏற்ற வேண்டியவை. திண்ணையில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே நாலைந்து பளபளப்பான புத்தகங்கள். எல்லாம் தனியார் பல்கலைக்கழகங்கள் அனுப்பியவை.

போன் அடிக்கிறது. “அண்ணே, சீட்டு ரெண்டே ரெண்டுதான் இருக்கு. இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிட்டீங்கன்னா பாப்பாவுக்குப் புக் பண்ணிடலாம்.”

அப்பா போனை வைத்துவிட்டு மகளைப் பார்க்கிறார். “ஏம்மா, ஹாஸ்டல், லேபு எல்லாம் நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா இதை யாரு நடத்துறாங்க?”

“இந்தா, மொதப் பக்கத்துலயே போட்டோ போட்டிருக்கே, வேந்தர்னு.”

“அவரு சரிப்பா. அவரு ஒண்ணு சொன்னா, ‘அது வேண்டாங்க’ன்னு சொல்றதுக்கு அங்க வேற யாரு இருக்கா?”

அந்த வீடு கற்பனைதான். ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வி, வருடா வருடம் லட்சக்கணக்கில் பணம் கட்டும் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டியது. கட்டடத்தைப் பார்க்கிறோம், பஸ் வசதியைப் பார்க்கிறோம், கேம்பஸ் இன்டர்வியூவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்கிறோம். நிர்வாகக் குழுவைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

தர்மகர்த்தா மாதிரி

குழு என்றதும் பெரிய சட்ட விஷயம் என்று பயப்பட வேண்டாம். நம் ஊர்க் கோயிலை நினைத்துப் பாருங்கள். நிலம் எழுதி வைத்தவர் ஒருவராக இருக்கலாம். உண்டியலில் காசு போடுபவர்கள் பல பேர். ஆனால் தர்மகர்த்தா கோயிலுக்குச் சொந்தக்காரர் கிடையாது. வரவு செலவைக் காட்ட வேண்டும். நகை காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டும். பூஜை எப்படி நடக்க வேண்டும் என்பதை அர்ச்சகரிடம் விட்டுவிட வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவுக்கும் இதே வேலைதான். பணம் போட்டவருக்கும் படிப்புக்கும் நடுவில் நிற்பது அது. நம் நாட்டில் கல்வி நிறுவனத்தை லாபம் பார்க்கும் கடையாக நடத்தச் சட்டம் இடம் தரவில்லை. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, நிறுவனத்தை வளர்க்கத் தேவையான நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை லாபம் கூடாது என்றது. அந்த உபரி ஆய்வகத்துக்குப் போகிறதா, வேறு எங்காவது போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குழுதான்.

வில்பட்டிக்குப் பக்கத்திலேயே, அட்டுவம்பட்டியில், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1984-ல் தமிழக அரசு சட்டம் போட்டுத் தொடங்கியது. அது அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அதன் ஆட்சிக்குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. கணக்கில் கேள்வி எழுந்தால் சட்டசபை வரை போகலாம்.

தனியாரில் அமைப்பு வேறு மாதிரி. முதலில் ஓர் அறக்கட்டளையோ சங்கமோ இருக்கும். பணமும் நிலமும் அதனுடையது. அது வேந்தரைக் கொண்டுவரும். துணைவேந்தர் அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பார். இவர்களோடு நிர்வாகக் குழு, பாடத்திட்டத்தையும் தேர்வையும் முடிவு செய்யும் கல்விக்குழு, கணக்கைப் பார்க்கும் நிதிக்குழு என்று மூன்றாவது இருக்க வேண்டும். குழுவின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். ஆட்சிமன்றம் என்பார்கள், மேலாண்மைக் குழு என்பார்கள், செயற்குழு என்பார்கள். எந்தப் பெயராக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

அந்தக் குழு என்னதான் செய்ய வேண்டும்?

வருட பட்ஜெட்டைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். தணிக்கை அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். கட்டணம் எதற்காக ஏறுகிறது என்று விளக்கம் கேட்க வேண்டும். துணைவேந்தர் தேர்வு முறையாக நடக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எத்தனை பேராசிரியர்கள் தேவை, அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்கிறதா என்று கணக்குப் போட வேண்டும். நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ யாராவது கிளம்பினால் தடுக்க வேண்டும். மாணவர் புகார் மேலே வந்தால் மூடி மறைக்காமல் விசாரிக்க வேண்டும்.

செய்யக்கூடாத வேலையும் உண்டு. எந்த மாணவருக்கு எத்தனை மார்க், எந்தப் பேராசிரியர் என்ன எழுதலாம், எந்தப் பாடத்தில் எது இருக்கலாம் என்பதில் குழு தலையிடக்கூடாது. அது கல்விக்குழுவின் எல்லை.

சுருக்கமாக, காசு விஷயத்தில் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும், படிப்பு விஷயத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். இந்த இரண்டில் எது தவறினாலும் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது.

சிதம்பரம் சொன்ன பாடம்

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதிலிருந்து 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. கல்லூரிகளையும் 20 லட்சம் ரூபாயையும் அவர் கொடுத்தார். அந்தக் காலத்து 20 லட்சம்! தமிழிசைக்கு அந்த வளாகம் செய்த தொண்டு தனிக்கதை. தென்னாற்காடு, தஞ்சைப் பக்கத்து எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரி அங்கே படித்தவர்தான்.

இத்தனை பெரிய கொடைக்கு மரியாதையாகச் சட்டத்திலேயே ஓர் ஏற்பாடு இருந்தது. நிறுவனரும் அவருக்குப் பின் வாரிசுகளும் இணைவேந்தர்களாக இருப்பார்கள். துணைவேந்தர் பதவிக்கு மூன்று பேர் பட்டியலை அவர்கள் தருவார்கள். அதில் ஒருவரை வேந்தர் நியமிப்பார். அரசுச் சட்டத்தில் பிறந்த பல்கலைக்கழகம்தான், ஆனால் சாவி குடும்பத்தின் கையில் இருந்தது.

பல பத்தாண்டுகள் இது ஓடியது. 2012 நவம்பரில் வெடித்தது. பணம் போதவில்லை, ஆள் அதிகம், சம்பளத்தையும் ஆட்களையும் குறைக்க வேண்டியிருக்கும் என்று நிர்வாகம் பேசத் தொடங்கியதும் ஆசிரியர்களும் ஊழியர்களும் வீதிக்கு வந்தார்கள். வேலை பார்த்தவர்கள் 12,000 பேருக்கும் மேல். வகுப்புகள் நின்றன. சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கியிருந்த குடும்பங்கள் தவித்தன.

2013 ஏப்ரலில் தமிழக அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி சிவ் தாஸ் மீனாவை நிர்வாகியாக நியமித்தது. அதே வருடம் புதிய சட்டம் வந்தது. பல்கலைக்கழகம் முழுக்க அரசின் பொறுப்புக்குப் போனது. தேவைக்கு மேல் இருந்த ஊழியர்கள் பல வருடங்களாக அரசுக் கல்லூரிகளுக்கும் வேறு துறைகளுக்கும் மாற்றப்பட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி. 12,000 பேர் ஒரே ராத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு பட்ஜெட் கூட்டம் நடந்திருக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர், “இத்தனை பேருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?” என்று விடாமல் கேட்டு, அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் கையெழுத்துப் போட மறுத்திருந்தால்? நிர்வாகக் குழு என்பது அந்த ‘யாராவது ஒருவர்’ உட்கார வேண்டிய இடம்.

அரசு எடுத்துக்கொண்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் அரசுக் கல்லூரிக் கட்டணம் வேண்டும் என்று மாணவர்கள் 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் வாரக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. பிறகுதான் கட்டணம் இறங்கியது. 2022-ல் அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எச்சரிக்கை வெளியிட்டது. போர்டில் தனியார் என்று எழுதியிருக்கிறதா, அரசு என்று எழுதியிருக்கிறதா என்பது மட்டும் போதாது. உள்ளே கேள்வி கேட்கும் குழு வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வீட்டு ஆட்களே குழுவானால்...

தமிழ்நாட்டில் நாம் ‘தனியார் யுனிவர்சிட்டி’ என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். 1956-ம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 3-வது பிரிவில் மத்திய அரசு தரும் தகுதி அது. 2010 ஜனவரியில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பட்டியலைக் கொடுத்தது. 44 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தத் தகுதியில் தொடரத் தக்கவை அல்ல என்று நிபுணர் குழு சொல்லியிருந்தது. அதில் 16 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை.

அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றுதான் நமக்கு முக்கியம். கல்வியாளர்கள் கையில் இருக்க வேண்டிய நிர்வாகம் குடும்பங்களின் கையில் இருக்கிறது என்றார்கள். அப்பா வேந்தர், மகன் இணைவேந்தர், மருமகன் உறுப்பினர் என்றால், கூட்டத்துக்கும் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கும் என்ன வித்தியாசம்?

அந்தச் செய்தி வந்த வாரம் எத்தனை மாணவர்கள் தூங்காமல் இருந்திருப்பார்கள்! உச்ச நீதிமன்றம் இருந்த நிலை தொடரட்டும் என்றது. பிறகு மறு ஆய்வுகள் நடந்தன. அவற்றில் பல தங்கள் தகுதியைத் தக்கவைத்துக்கொண்டன. ஆகவே அந்தப் பட்டியலை இன்றைக்கும் முத்திரையாகக் குத்த வேண்டாம். ஆனால் அதிலிருந்த கேள்வியை மறக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் சத்தீஸ்கரில் நடந்தது இன்னும் மோசம். 2002-ல் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டத்தால் 112 தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குச் சொல்லும்படியான கட்டடம்கூடக் கிடையாது. யு.ஜி.சி. தலைவராக இருந்த விஞ்ஞானி யஷ்பால் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பல்கலைக்கழகங்களை ரத்து செய்தது. சேர்ந்திருந்த பிள்ளைகளை அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைத்துக் காப்பாற்ற வழி தேட வேண்டியதாயிற்று.

பேராசிரியர் வாயைக் கட்டினால்...

இதுவரை சொன்னது காசு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டால் வரும் வினை. படிப்பு விஷயத்தில் மூக்கை நுழைத்தால் வருவது வேறு வகை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1891-ல் தொடங்கியது. ரயில்வே முதலாளி லீலண்ட் ஸ்டான்ஃபோர்டும் மனைவி ஜேனும் இறந்துபோன மகன் பெயரில் கட்டியது. கணவர் காலமான பிறகு முழு அதிகாரமும் ஜேன் அம்மையாரிடம் இருந்தது. எட்வர்ட் ராஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியரின் பேச்சுகள் அவருக்குப் பிடிக்கவில்லை. ராஸ் ஆசியத் தொழிலாளர்களுக்கு எதிராகப் பேசியதை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் அவரை வெளியேற்றியது எந்த விசாரணையும் அல்ல, நிறுவனரின் விருப்பம். 1900-ல் அவர் போனதும் இன்னும் பல பேராசிரியர்கள் தாங்களாகவே வெளியேறினார்கள். அப்படிப்பட்ட கசப்புகளிலிருந்துதான் 1915-ல் அமெரிக்கப் பேராசிரியர்கள் சங்கம் உருவாகி, கல்விச் சுதந்திரத்துக்கு விதிகளை எழுதியது.

நூறு வருடம் கழித்து நம் நாட்டில், ஹரியானாவின் அசோகா பல்கலைக்கழகத்தில் இதே கேள்வி எழுந்தது. தனி ஒரு குடும்பம் கட்டாமல் பல கொடையாளர்கள் சேர்ந்து கட்டியது அது. 2021 மார்ச்சில் அரசியல் அறிஞர் பிரதாப் பானு மேத்தா அங்கிருந்து விலகினார். தான் இருப்பது அரசியல் ரீதியாகப் பாரமாகக் கருதப்படலாம் என்பது நிறுவனர்களைச் சந்தித்தபோது தெளிவானதாகக் கடிதத்தில் எழுதினார். அவரைத் தொடர்ந்து, மத்திய அரசின் முன்னாள் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்ரமணியனும் விலகினார். மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். நடைமுறைகளில் சில குறைகள் நேர்ந்ததைப் பல்கலைக்கழகமே பிறகு ஒப்புக்கொண்டது.

நல்ல மனசோடு கொடுத்தவர்கள் இருக்கும் இடத்திலும் இது நடக்கும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கொடையாளிக்கும் வகுப்பறைக்கும் நடுவே நின்று, “ஐயா, இது உங்கள் வேலை இல்லை” என்று பணிவாகச் சொல்ல ஒரு குழு வேண்டும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

தமிழ்நாட்டில் தனியார் பல்கலைக்கழகங்களுக்கான பொதுச் சட்டம் 2019-ல் வந்தது. தொடங்க 100 ஏக்கர் நிலம் தேவை என்றது. 2025 அக்டோபரில் அந்த நில அளவைக் குறைக்கவும், ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாக மாறவும் வழி செய்யும் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. அரசு உதவி பெறும் கல்லூரிகள் மாறிவிட்டால் இட ஒதுக்கீடு, கட்டணம், ஆசிரியர் வேலை எல்லாம் என்னாகும் என்று ஆசிரியர் அமைப்புகளும் கட்சிகளும் எதிர்த்தன. மறுபரிசீலனை செய்வதாக அதே மாதம் அரசு அறிவித்தது.

வாதம் பெரும்பாலும் ஏக்கர் கணக்கில்தான் நடந்தது. நிலம் எவ்வளவு என்பதைவிட, உள்ளே குழுவில் எத்தனை பேர் வெளியாட்கள் என்பது மாணவருக்கு நெருக்கமான கேள்வி.

அட்வான்ஸ் கட்டும் முன்...

கையில் போன் இருக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கினால் இவற்றைப் பார்த்துவிடலாம்.

1. முதலில் யு.ஜி.சி. இணையதளத்துக்குப் போங்கள். அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா, எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.

2. பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் நிர்வாகக் குழு உறுப்பினர் பட்டியலைத் தேடுங்கள். பெயர்களே இல்லை என்றால் அதுவே ஒரு பதில்.

3. பெயர்கள் இருந்தால் எண்ணுங்கள். ஒரே குடும்பப் பெயர் எத்தனை? வெளியிலிருந்து வந்த கல்வியாளர் எத்தனை? பேராசிரியர்களின் பிரதிநிதி உண்டா?

4. குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகளைப் போட்டிருக்கிறார்களா? கடைசியாகப் போட்டது எந்த வருடம்? வருடாந்தர அறிக்கையும் தணிக்கைக் கணக்கும் இருக்கிறதா?

5. ‘நாக்’ மதிப்பீட்டுக்காகக் கொடுத்த சுய ஆய்வு அறிக்கையைத் திறங்கள். அதில் 6-வது பகுதி நிர்வாகத்தைப் பற்றியது. ஏ பிளஸ், ஏ டபுள் பிளஸ் என்ற பெரிய எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாமல், அந்தப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள்.

6. மாணவர் குறைதீர்ப்புக் குழுவும், குறைதீர்ப்பாளர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2023 விதி. அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்கிறதா?

7. துணைவேந்தர்கள் அடிக்கடி மாறுகிறார்களா? நல்லவர்கள் தங்காத இடத்தில் ஏதோ ஒரு காரணம் இருக்கும்.

8. அங்கே மூன்றாம் வருடம் படிக்கும் பிள்ளை ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். சேரும்போது சொன்ன கட்டணம்தான் இப்போதும் வாங்குகிறார்களா? ஒரு புகார் கொடுத்தால் எங்கே போகிறது?

எல்லாவற்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் தாராளமாகச் சேர்க்கலாம். தனியார் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. நன்றாக நடக்கும் இடங்கள் இருக்கின்றன. அவை இந்தக் கேள்விகளைக் கேட்டால் கோபப்படாது.

மறுபடியும் திண்ணைக்கு...

வில்பட்டிக்குத் திரும்புவோம். பரணில் தொங்கும் அந்தக் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதற்கான முயற்சியில் அட்டுவம்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. அந்தக் குறியீடு எதற்கு? வேறு ஊர்ப் பூண்டை யாரும் இந்தப் பெயரில் விற்றுவிடக் கூடாது என்பதற்கு. பெயருக்கு ஒரு காவல்.

பட்டத்துக்கும் அப்படி ஒரு காவல் வேண்டும். அந்தச் சான்றிதழை இருபது வருடம் கழித்து மகள் எங்கோ ஓர் அலுவலகத்தில் நீட்டும்போது, அதில் இருக்கும் பெயர் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், யாரும் போட்டோ போடாத அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள்.

போன் மறுபடி அடிக்கிறது. “அண்ணே, என்ன முடிவு பண்ணீங்க?”

“தம்பி, உங்க நிர்வாகக் குழுவுல யார் யார் இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் அனுப்புங்க. பாப்பா கேக்குது. பார்த்துட்டுச் சொல்றோம்.”